மிர்சினியின் திரை

எங்கள் எண்ணெய்க் கூட்டுறவுச் சங்கத்துக்குக் கடற்கரையில் தலைமை அலுவலகம், மலைமேல் ஏழு ஒலிவ ஆலைகள். ஆலைக்கு ஒரு கம்ப்யூட்டர். வருகிற ஒலிவத்தை எடை போட்டு அதில்தான் பதிவார்கள். அது அறுவடைக் காலத்தில்தான் படுக்கும், அதுவும் மழை கொட்டுகிற நாளாகப் பார்த்து. உடனே தெமிஸ் காரை எடுத்துக்கொண்டு மலை ஏறுவான். தீவு முழுவதற்கும் எங்களிடம் இருக்கும் ஒரே கம்ப்யூட்டர்க்காரன் அவன். போய்ப் பார்த்தால் பாதி தடவை பிளக் கழன்றிருக்கும். இறங்கி வந்து அவன் திட்டுகிற திட்டை இங்கே எழுத முடியாது.

ஆகவே உட்கார்ந்த இடத்திலிருந்தே ஏழு கம்ப்யூட்டரையும் பார்த்துச் சரிசெய்கிற மென்பொருள் ஒன்றை வாங்குவதென்று முடிவாயிற்று. எதை வாங்குவது என்பதில்தான் இழுபறி. தெமிஸ் இரண்டைச் சோதனைக்குப் போட்டுவைத்திருந்தான். ஒன்று, 'உள்ளே வரலாமா?' என்று எதிர்ப்பக்கத் திரையில் கேட்கும். அங்கே இருப்பவர் சரி என்று அழுத்தினால்தான் நுழையும். மற்றது கேட்காது. நுழைந்தது அவருக்குத் தெரியவும் தெரியாது.

நிர்வாகக் குழுக் கூட்டத்தை மேலாளர் எவ்தோகியா எந்த நாளில் வைத்தாள் தெரியுமா? ஆன்மாக்களின் சனிக்கிழமைக்கு முந்தின வெள்ளிக்கிழமை. செத்தவர்களுக்காக ஊரெல்லாம் கோதுமை வேகவைத்து, மேலே சர்க்கரையும் மாதுளை முத்தும் தூவி, சாயங்காலம் கோயிலுக்கு எடுத்துப்போகிற நாள். பாதிரியார் ஒவ்வொரு வீட்டுப் பெயராக வாசிப்பார். அந்த நாளில் கூட்டம் வைக்க எவ்தோகியாவால்தான் முடியும். என் அப்பாவுக்கு வேண்டிய கோதுமையை மனைவி தலையில் கட்டிவிட்டு, முணுமுணுத்துக்கொண்டே நானும் போய் உட்கார்ந்தேன்.

எவ்தோகியாவும் மலைக்காரிதான். கீழே வந்து வெகுகாலம் ஆகிவிட்டது. இப்போது மலையைப் பற்றிப் பேசினால் ஏதோ அயல்நாட்டைப் பற்றிப் பேசுகிற மாதிரி இருக்கும். அவள் அம்மா கடைசிவரை மேலேதான் இருந்தாள். பார்த்துக்கொண்டது சித்தப்பா மகள் மிர்சினி, மேல் ஆலையில் எடை பதிகிறவள்.

"கேக்காததையே வாங்கிடலாம்" என்றாள் எவ்தோகியா. "அங்க இருக்குறவ காபி குடிக்கப் போயிருந்தா யாரு சரின்னு அமுக்குறது? நம்ம கம்ப்யூட்டருக்குள்ள நாம போறோம். இதுக்கெல்லாமா கேப்பாங்க?"

தலைவர் இக்னாதிஸ் தாடையைச் சொறிந்தார். "இருந்தாலும் எவ்தோகியா, கதவைத் தட்டாம ஒரு வீட்டுக்குள்ள..."

"அது வீடு இல்லைங்க, ஆபீஸ். தெமிஸ், நீ போட்டுக் காட்டு. எங்க மிர்சினியோடதையே திற. அவ ஒண்ணும் நினைக்க மாட்டா."

தெமிஸ் தயங்கினான். "ஒரு போன் பண்ணிச் சொல்லிடட்டுமா மேடம்?"

"சொல்லிட்டுப் போறதுக்குக் கேக்காத சாஃப்ட்வேர் எதுக்குப்பா?"

எல்லாரும் சிரித்தோம். நானும்தான் சிரித்தேன்.

சுவரில் மிர்சினியின் திரை விரிந்தது, ஆள் உயரத்துக்கு. இடது பக்கம் எடைப் பட்டியல், வலது பக்கம் அரட்டைப் பெட்டி. பாதிரியாரின் மனைவி பொலிக்செனி அப்போதுதான் கேட்டிருந்தாள்: 'இந்தத் தடவையாவது எவ்தோகியா அவ அம்மாவுக்குக் கோதுமை கொண்டுவர்றாளா? போன தடவை மாதிரி நீதானா?'

இதற்கு மிர்சினி பதில் எழுத ஆரம்பித்தாள். எழுத்து எழுத்தாகச் சுவரில் வந்தது.

'நான் ஞாபகப்படுத்தினேன், அக்கா போனையே' என்று எழுதினாள். நிறுத்தினாள். பின்னாலிருந்து ஒவ்வொன்றாக அழித்தாள். 'அக்காவுக்கு இன்னைக்கு மீட்டிங்' என்று எழுதினாள். அதையும் அழித்தாள். கொஞ்ச நேரம் வெள்ளைப் பெட்டியில் கோடு மட்டும் மின்னிக்கொண்டிருந்தது. பிறகு கடகடவென்று வந்தது: 'அக்காதான் எல்லாம் வாங்கிக் கொடுத்தனுப்பினாங்க. மாதுளைகூட அவங்க கையாலேயே உதிர்த்தது. வேகவைக்கிறது மட்டும்தான் நான்.'

அனுப்பிவிட்டாள்.

அறையில் ஒருவரும் எவ்தோகியாவைப் பார்க்கவில்லை. நான் மேசைமேல் இருந்த காபிக் கோப்பைக்குள் பார்த்தேன். எனக்கு அவமானமாக இருந்தது. அவளுக்காக மட்டுமல்ல. முதல் வரியிலேயே கண்ணை எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை, அழித்ததையும் சேர்த்து ஆர்வமாகப் படித்தேன். மற்றவர்களும் அப்படித்தான்.

தெமிஸ் அவசரமாக மூடப்போய் மவுஸைத் தட்டிவிட்டான். சுவரில் மிர்சினியின் அம்புக்குறி குறுக்கே ஓடியது. அரட்டைப் பெட்டியைச் சட்டென்று மூடிவிட்டாள் மிர்சினி. அடுத்த கணம் மேசைமேல் தெமிஸின் போன் அடித்தது. இரண்டு கையாலும் வேலை பார்க்கிறவன். போனை எப்போதும் ஸ்பீக்கரில்தான் வைத்திருப்பான். பதற்றத்தில் பழக்கதோஷமாய் எடுத்துவிட்டான்.

"தெமிஸ், தம்பி, என் மவுஸ் தானா ஓடுதுப்பா! பேய் எதுவும் புகுந்துருச்சா? இன்னைக்கு நாளும் அந்த மாதிரி நாள்" என்றாள் மிர்சினி, பாதி சிரிப்பும் பாதி பயமுமாக. "அக்காகிட்ட மட்டும் சொல்லிடாத. வேலை நேரத்துல என்ன அரட்டைன்னு கேப்பாங்க. பாவம், அவங்களுக்கே அங்க ஆயிரம் வேலை."

எவ்தோகியாவின் முகம் சிவந்து, பிறகு வெளுத்தது. எங்களில் யாராவது ஒரு வார்த்தை கடிந்து பேசியிருந்தால் அவள் பிழைத்திருப்பாள். அவளுக்குச் சண்டை போடத் தெரியும். மலைமேல் ஒருத்தி அவளுக்காகப் பரிந்து பேசிக்கொண்டிருந்தாள். அதற்கு என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை.

கையை நீட்டிப் போனை வாங்கினாள்.

"மிர்சினி, நான்தான்."

"ஐயோ! அக்கா, அது வந்து, பொலிக்செனி சும்மா ஒரு வார்த்தை..."

"பேய் இல்லடி. நான்தான் உன் கம்ப்யூட்டருக்குள்ள வந்தேன். கேக்காம வந்துட்டேன். இங்க எல்லாரும் இருக்காங்க."

என்னென்ன பார்த்திருப்பார்கள் என்று மறுமுனையில் மிர்சினி கணக்குப் போட்டுக்கொண்டிருந்திருப்பாள். ஸ்பீக்கரை அணைக்க வேண்டுமென்று எவ்தோகியாவுக்குத் தோன்றவில்லை. எங்களுக்கும் எழுந்து வெளியே போக வேண்டுமென்று தோன்றவில்லை.

"கோதுமையை அடுப்புல ஏத்திட்டியா?" என்று கேட்டாள் எவ்தோகியா.

"ஊற வெச்சிருக்கேன்க்கா. ஆலையை மூடிட்டுப் போய்த்தான் ஏத்தணும்."

எங்கள் எல்லாரையும் அதட்டி வேலை வாங்குகிற குரல் எவ்தோகியாவுடையது. இப்போது கடன் கேட்கிறவள் குரல் மாதிரி வந்தது.

"நான் வரலாமா?"

"என்னக்கா நீங்க, இதுக்கெல்லாமா கேப்பாங்க?" என்றாள் மிர்சினி. "சீக்கிரம் வாங்க. மாதுளை இன்னும் உதிர்க்காம அப்படியே கிடக்கு."

எவ்தோகியா போனைத் தெமிஸிடம் கொடுத்தாள். ஆணியில் தொங்கிய கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள். ஒரு கை உள்ளே போகாமல் சிக்கிக்கொள்ள, இக்னாதிஸ் எழுந்து பிடித்துவிட்டார்.

"கேக்குறதையே வாங்கு" என்று தெமிஸிடம் சொல்லிவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் கார் சாவியை எடுத்துக்கொண்டு போனாள்.