நாலு விரற்கடை

தோள்வலிக்கு ஆகட்டும் என்று கராத்தே வகுப்பில் சேர்ந்த லோடுமேன், வெள்ளை பெல்ட்டின் நுனியில் மாஸ்டர் முதல் சிவப்பு டேப்பைச் சுற்றிய அன்று ஒரு விரற்கடை வளர்ந்தான். அப்போது அவனுக்கு நாற்பது தாண்டியிருந்தது. மறுநாள் கால்சட்டை கணுக்காலுக்கு மேலே நின்றது. மனைவி மடிப்பைப் பிரித்துத் தைத்துக் கொடுத்தாள்.

டயர் கடைக்கு மேலே இருந்தது அந்த ஹால். இரண்டு மாதத்துக்கொரு டேப். கரண்டு கம்பியில் சுற்றுகிறார்களே, அதே டேப்தான். நாலு சேர்ந்தால் மஞ்சள் பெல்ட். கூடப் பயின்ற பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு அது விளையாட்டு. இவனோ மோட்டார் கிடங்கில் சேர்ந்த அன்றும் லோடுமேன், தலை நரைத்த பிறகும் லோடுமேன். நேற்றைவிட இன்றைக்கு நீ ஒரு படி மேலே என்று அவனிடம் யாரும் சொன்னதில்லை. டேப் சொன்னது. பெல்ட்டைச் சாப்பாட்டுப் பையில் வைத்துக் கிடங்குக்கும் கொண்டுபோய், ஆள் இல்லாத நேரத்தில் தடவிப் பார்த்துக்கொண்டான்.

வினை சுமையில் வந்தது. மோட்டாரை இரும்புக் குழாயில் கயிறு கட்டித் தொங்கவிட்டு, முன்னால் ஒருவன் பின்னால் ஒருவன் தோளில் தூக்க வேண்டும். அவனுக்கு ஜோடி மனைவியின் தம்பி. இருவரும் ஒரே உயரம் என்றுதான் மேஸ்திரி சேர்த்திருந்தார். ஒரு தோள் உயர்ந்தால் கயிறு தாழ்ந்த தோளுக்குச் சறுக்கும். இரண்டாவது டேப்போடு இவனுடைய தோள்வலி தீர்ந்தது. இவன் ஏறிய அளவுக்கு மைத்துனன் அமுங்கினான்.

“இன்னும் எத்தனை பாக்கி மாமா?”

“ரெண்டுடா.”

“அப்ப நான் தவழ்ந்துதான் வேலைக்கு வரணும்.”

மைத்துனனும் கடையில் ஒரு டேப் வாங்கி அரைஞாணில் சுற்றிப் பார்த்தான். வளரவில்லை. “காசு குடுத்து வாங்கினா மதிக்காதுபோல” என்று அதையே பிய்ந்த செருப்புக்குச் சுற்றிக்கொண்டான். மேஸ்திரி ஜோடியை மாற்றவில்லை. குடும்பச் சண்டையை வீட்டில் தீர்த்துக்கொள்ளச் சொன்னார்.

மூன்றாவது டேப் ஏறியதும் மனைவி அடுப்படியிலிருந்து கத்தினாள். “எனக்கு மேல உசரமா இருந்த பய, இப்ப எனக்குக் கீழ நிக்கிறான். அந்தக் கருமத்தைப் பிச்சுப் போடுங்க!”

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவன் டேப்பின் ஓரத்தை நகத்தால் கிளப்பினான். குதிகால் லேசாக இறங்கியது. அடுத்த அறையில் படுத்திருந்த மைத்துனனின் முதுகில் சொடக்கு விழுந்தது. “அக்கா, முதுகு விட்டுடுச்சு!” என்று அவன் சந்தோஷமாகக் கூவியது நன்றாகவே கேட்டது. இவன் கட்டைவிரலால் டேப்பை அழுத்தி ஒட்டினான்.

நாலாவதுக்கு ஹாலில் கைதட்டினார்கள். மறுநாள் கயிறு முழுக்கச் சறுக்கி மோட்டார் மைத்துனன் தோளில் இறங்கியது. அவன் அதற்குப் பிறகு சுமை தூக்கவில்லை. கிடங்கு கேட்டைத் திறந்து மூடுகிறான். எட்டவில்லை என்றதும் தாழ்ப்பாளை நாலு விரற்கடை இறக்கி அடித்துக் கொடுத்தார்கள். மனைவி புருஷனுக்குச் சோறு போடுகிறாள், பேசுவதில்லை. மஞ்சள் பெல்ட்டிலும் ஒரு டேப் ஏறியாயிற்று. புது ஜோடிக்கு இப்போதுதான் தோள் வலிக்கத் தொடங்கியிருக்கிறது.

காலையில் மாமன் குனிந்து கேட்டுக்குள் நுழையும்போது மைத்துனன் அண்ணாந்து பார்க்கிறான். அவனுக்கு மாமன் தர வேண்டியது நாலு விரற்கடை உயரம். இன்னும் தரவில்லை.