முத்துக்கனியின் கவனக்குறைவு

முத்துக்கனியின் வலது கையில் இரண்டு விரல்கள் போன மூன்றாம் நாள், கூரை ஓட்டுக் கம்பெனி மானேஜர் செல்வதாஸ் சத்தியபாயை ஆபீசுக்குக் கூப்பிட்டனுப்பினார். கொட்டாரம் ரோட்டோரம் இருந்த அந்தக் கம்பெனியில் ஒன்பது வருஷமாகக் களிமண் சுமக்கிறவள் சத்தியபாய். மண் அரைக்கும் மெஷினின் பெல்ட் முத்துக்கனியின் கையை இழுத்தபோது பக்கத்தில் நின்றவளும் அவள்தான்.

மானேஜர் ஒரு தாளை நீட்டினார்.

"சாட்சிக் கையெழுத்துப் போடு. பேக்டரி இன்ஸ்பெக்டருக்கு அனுப்பணும்."

மிஷன் பள்ளியில் நாலாம் வகுப்புவரை படித்த சத்தியபாய் எழுத்துக்கூட்டி வாசித்தாள். 'தொழிலாளியின் சொந்தக் கவனக்குறைவால் நேர்ந்தது.' கீழே முத்துக்கனியின் கைநாட்டு. ஆஸ்பத்திரியில் போதமில்லாமல் கிடந்தவளின் இடது கையைப் பிடித்து உருட்டியிருக்கிறார்கள்.



"பெல்ட்டுக்கு முன்னால ஒரு பலகை மறைப்பு இருந்துதே சார். அதக் கழத்துனது ஆருண்ணு இதுல எழுதல்லியே."

"மறைப்பு இருந்தா வேல ஓடாதுல்லா?"

"அந்தப் பலகை இப்ப உங்க வீட்டுக் கோழிக்கூட்டுக்குக் கதவா நிக்கி. கோழிய கீரி பிடிக்காம இருக்க மறைப்பு உண்டு. எங்களுக்கு இல்ல."

"உனக்கு வேல வேணுமா, வேண்டாமா?"

"வேணும் சார். கையும் வேணும்."

கையெழுத்துப் போடாமல் தாளை மேசையில் வைத்துவிட்டு, நேராக எஞ்சின் கொட்டகைக்குப் போனாள். எஞ்சின் ஓட்டுகிற மரியான் மூன்று நாளாக யார் முகத்தையும் பார்ப்பதில்லை.

"மரியான், மறைப்பு வராம பெல்ட்டப் போடாத."

"என்னைய வெளிய விட்டுருவாவ அக்கா."

"நாங்க மண்ணு கொண்டுவந்தாத்தானே உனக்கு வேல? நாங்க கொண்டுவரல்ல."

மண் சுமக்கும் முப்பது பெண்களும் கூடைகளைக் கவிழ்த்துவிட்டு உட்கார்ந்தார்கள். அஞ்சுகிராமத்திலிருந்து வேறு ஆளைக் கொண்டுவருவேன் என்று மானேஜர் கத்தினார். யாரும் எழுந்திருக்கவில்லை.

மறுநாள் நாகர்கோவிலிலிருந்து முதலாளி வந்தார். சூளை ஆறிக் கிடக்கிறதே என்றுதான் கொதித்தார். போன விரல்களைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனாலும் சாயங்காலத்துக்குள் பலகை வண்டியில் வந்து இறங்கியது, கோழி எச்சத்தோடு. பெண்கள் அதைக் கழுவிக் கொடுக்க, மரியான் புது ஆணி அடித்து இறுக்கினான்.

அன்றுமுதல் காலையில் ஒருத்தி மறைப்பைக் கையால் ஆட்டிப் பார்த்து "சரி" என்று சொன்ன பிறகுதான் மரியான் பெல்ட்டைப் போட்டான். மானேஜர் அவசரப்படுத்தினால், "சரி சொல்லட்டும் சார்" என்பான்.

ஒரு மாதம் கழித்து இன்ஸ்பெக்டர் வந்தார். கம்பெனிக் காவல்காரனின் சாட்சிக் கையெழுத்தோடு அந்தத் தாள் அவர் கையில் இருந்தது. கட்டுப் போட்ட கையோடு இருந்த முத்துக்கனியைச் சத்தியபாய் கூட்டிக்கொண்டுபோய் அவர் முன்னால் நிறுத்தினாள்.

"கைநாட்டு வச்சப்ப இவளுக்குப் போதமே இல்ல சார். கேளுங்க."

அவர் கேட்டார். மெஷினைப் பார்த்தார், மரியானையும் விசாரித்தார். பிறகு தன் நோட்டில் இங்கிலீஷில் எழுதினார்.

"என்ன எழுதியிருக்கிய சார்?"

"மறைப்பை எடுத்தது கம்பெனியின் குற்றம். இந்தப் பெண்ணின் மேல் தவறு இல்லை."

"இன்னொரு தடவ சொல்லுங்க சார்," என்றாள் சத்தியபாய். "இவ கேக்கட்டும்."