ஜட்ஜும் துருப்பிடித்த கத்தரியும்

"அண்ணி, இன்னைக்கு என்ன சட்டை போட்டிருக்கீங்க?"

விடிவதற்கு முன் என் வண்டியில் ஏறிய கொழுந்தன் வெர்லின் கேட்ட முதல் கேள்வி இதுதான். மடியில் அவன் அம்மாவின் பழைய துணிக்கத்தரி, துருவேறிப் போய்க் கிடந்தது.

"உனக்கு எதுக்கு அது?"

"நல்ல துணியா இருந்தா ஆணி நல்லா இறங்கும்ல?"

எங்கள் மலைப் பக்கத்து வழக்கம் அது. வான்கோழியைச் சுட்டுக் குறி தப்பினவர் சட்டையில் பின்னால் தொங்கும் துண்டை அங்கேயே வெட்டி எடுத்து, பெயர் எழுதி, டார்சியின் தீவனக்கடைச் சுவரில் ஆணியடித்து விடுவார்கள். அந்தச் சுவரில் பாதிரியாருடையது இரண்டு துண்டு தொங்குகிறது. வெர்லினுடையது ஏழு. முப்பத்தோரு வசந்தமாக நானும் துப்பாக்கியோடு காட்டுக்குப் போகிறேன், என் துண்டு ஒன்றுகூட அங்கே இல்லை. அந்தப் பெருமையில்தான் அந்தக் கடையில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவேன்.

அன்று பருவத்தின் கடைசி நாள். ஒரு மணிக்கு மரம் அறுக்கும் ஆலையில் சங்கு ஊதும். அதற்குப் பிறகு சுடக்கூடாது.

எதிரியின் பெயர் ஜட்ஜ். மார்பில் தாடி போலத் தொங்கும் மயிர்க்கற்றை தரையைத் தொடும். மெதுவாக வரும், எல்லாவற்றையும் கேட்கும், வாய்தா போட்டுவிட்டுப் போய்விடும். மூன்று வருடத்தில் ஒன்பது பேர் சட்டையைக் கிழித்த வான்கோழிச் சேவல் அது.

வான்கோழிக்கு அறிவு உண்டா என்று என்னைக் கேட்டால், அறிவு கிடையாது, சந்தேகம் உண்டு என்பேன். மான் ஆளைப் பார்த்து மரக்கட்டை என்று நினைக்கும், வான்கோழி மரக்கட்டையைப் பார்த்தாலும் ஆள் என்று நினைக்கும். நீங்கள் கண் சிமிட்டினால் நூறு கெஜத்தில் அதற்குத் தெரிந்துவிடும். ஆனால் இடி இடித்தால் இடிக்குப் பதில் சொல்லும். வண்டிக் கதவைச் சாத்தினால் கதவுக்குப் பதில் சொல்லும். இரண்டு சிறகு இருந்தும் வேலியின் முன்னால் நின்று, எப்படித் தாண்டுவது என்று ஒரு மணி நேரம் கவலைப்படும். அதன் உலகத்தில் பெட்டைதான் சேவலைத் தேடி வரவேண்டும். நாமோ பெட்டை போலக் கூவி, நீயே வா என்கிறோம். அது பாதி தூரம் வந்து நின்று, மரியாதை தெரியாத பெட்டையாக இருக்கிறதே என்று யோசிக்கும்.

விழுந்து கிடந்த ஓக் மரத்தின் பின்னால் உட்கார்ந்தோம். வான்கோழியைக் கூப்பிட வைத்திருக்கும் என் தேவதாரு மரப்பெட்டியின் மூடியை விளிம்பில் இழுத்தேன். பெட்டைக் குரல் வந்தது. மேட்டில் ஜட்ஜ் கொடகொடவென்று பதில் சொன்னது, இறங்கி வந்தது, கணுக்கால் அளவு தண்ணீர் ஓடும் ஓடைக்கு அந்தப் பக்கம் நின்றது. ஏழு மணிக்கும் அங்கேதான். பதினொன்றுக்கும் அங்கேதான்.

"சுடுங்களேன் அண்ணி."

"எண்பது கெஜம் இருக்கு. தப்பும்."

"அதுக்குத்தானே நான் வந்து உக்காந்திருக்கேன்."

"வாயை மூடு."

கொஞ்ச நேரத்தில் எனக்குப் பின்னால் 'கிரீச்' என்றது. ஜட்ஜ் அடுத்தடுத்து மூன்று முறை கத்தியது. என் பெட்டிக்கு ஒரு நாளும் அப்படிக் கத்தியதில்லை.

"என்ன பண்ணின?"

"ஒண்ணுமில்ல. சட்டை ஓரத்துல நூல் தொங்கிச்சு, வெட்டினேன்."

"திரும்பப் பண்ணு."

வெறும் கத்தரி 'கிச்' என்றதே தவிர, ஜட்ஜ் அசையவில்லை. கத்தரியின் வாயில் துணி இருந்தால்தான் அந்தக் குரல் வந்தது.

"சட்டையை வெட்டு வெர்லின்."

"நான் இன்னைக்குச் சுடவே இல்லையே!"

"அது யார் சட்டைன்னு கேக்கப் போறதில்ல. வெட்டு."

முனகிக்கொண்டே சட்டையின் வலது கையை வெட்டினான். ஜட்ஜ் தண்ணீர் ஓரத்துக்கு வந்தது. இடது கைக்கு இங்கும் அங்கும் நடந்தது. முதுகுத் துணிக்குத் தாங்கமுடியாமல் சிறகை விரித்து, கோழிக்குஞ்சு நடந்து கடக்கும் ஓடையைப் பறந்து கடந்தது.

"அண்ணி, உண்ணி ஏறுது."

"அப்புறம் பொறுக்கிக்கலாம். அடுத்தது."

தொப்பியும் போனது. ஐம்பத்தைந்து கெஜத்தில் ஜட்ஜ் நின்றது. ஒரு மணிக்கு இன்னும் எட்டு நிமிடம்.

"பேன்ட்டைக் கேட்டீங்க, நான் வீட்டுக்குப் போயிடுவேன்." சொல்லிவிட்டு என் சட்டையைப் பார்த்தான். "உங்களது முழுசா இருக்கே அண்ணி."

"நான் தப்பலையே."

"நானும்தான் தப்பல. என்னைப் பாருங்க."

கண்ணைத் துப்பாக்கியிலிருந்து எடுக்காமல் சட்டையின் பின்பக்கத்தை இழுத்து விட்டேன். அவன் அவசரப்படவே இல்லை. பிறந்தநாள் கேக்கை வெட்டுவது போல வெட்டினான். கிரீ... ரீ... ரீச்.

ஜட்ஜ் ஓடி வந்தது. நாற்பது. முப்பது. நான் விசையைத் தொட்டேன்.

அப்போதுதான் அது வெர்லினின் மொட்டைத் தலையைப் பார்த்தது. கோபம் வந்த வான்கோழிச் சேவலுக்குத் தலை அப்படித்தான் வெளுக்கும். இன்னொரு சேவல் என்று நினைத்து மரத்தைத் தாண்டி அவன்மேல் பாய்ந்தது.

"சுடுங்க அண்ணி! சுடுங்க!"

"உன்னையா, அதையா? ரெண்டும் ஒண்ணா உருளுதே!"

சங்கு ஊதியது. ஜட்ஜ் வெர்லினின் முதுகில் நின்றபடியே சங்குக்குப் பதில் சொன்னது. பிறகு இறங்கி, ஓடையை இந்த முறை நடந்தே கடந்து போனது.

கடைசி நாள் காப்பிக்கு எல்லோரும் டார்சி கடையில்தான் கூடுவார்கள். நான் நுழைந்ததும் டார்சி கோப்பையைக் கீழே வைத்தான்.

"ஒலீட்டாக்கா! உங்க சட்டையில பின்னாடி எங்க?"

பன்னிரண்டு பேர் திரும்பினார்கள். சுடாத தோட்டா என் பையில் இருந்தது. எடுத்துக் காட்டினால் போதும். ஆனால் சுடாமல் சட்டை ஏன் போனது என்பார்கள், கத்தரி ரகசியம் வெளியே வரும், அடுத்த வசந்தம் காட்டில் பன்னிரண்டு கத்தரி இருக்கும்.

"அண்ணி சுடவே இல்—" என்று ஆரம்பித்த வெர்லினின் காலை மிதித்தேன்.

"தப்பிடுச்சு," என்றேன்.

"எத்தனை கெஜம்?"

"முப்பது."

யாரோ விசில் அடித்தார்கள். வெர்லின் என்னைப் பேய் பிடித்தவளைப் பார்ப்பது போலப் பார்த்தான்.

"உன் சட்டை எங்கடா?"

"வெயில்."

"முதுகுல கீறல்?"

"வெயில்தான்."

நான் எடுத்துக் கொடுத்த துண்டை டார்சி விரித்துப் பார்த்தான். "முப்பத்தோரு வருஷத்துத் துண்டு, ஓரம் இப்படிக் கோணலாவா? கொடு வெர்லின், அந்தக் கத்தரியை."

"வேணாம்!" என்றோம் இரண்டு பேரும். அதற்குள் டார்சி அதைப் பிடுங்கித் துண்டின் ஓரத்தில் வைத்துவிட்டான்.

கிரீச்.

கடைக்குப் பின்னால் இருக்கும் காட்டில் ஏதோ ஒரு சேவல் கொடகொடவென்றது. வெர்லின் பலமாக இருமினான். டார்சி கத்தரியைப் பார்த்தான், மறுபடி வெட்டினான். மறுபடி பதில் வந்தது, இன்னும் பக்கத்தில்.

"எங்க அம்மாகிட்டயும் இதே மாதிரி ஒண்ணு இருந்துச்சு," என்று ஒருவன் எழுந்தான்.

"எங்க கொட்டகையில கிடக்கும்," என்று இன்னொருவன் கதவை நோக்கி நடந்தான். நாற்காலிகள் இழுபட்டன, வண்டிகள் கிளம்பின. கடைசியாக, துண்டையும் ஆணியையும் மேசைமேல் போட்டுவிட்டு டார்சியும் ஓடினான்.

கடையில் நானும் வெர்லினும்தான். துண்டை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

"அண்ணி, ஆணி?"

"எந்த ஆணி?" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.