ஆர்லின் நின்ற மூலை

அமெரிக்காவின் அடுத்த ஜனாதிபதி யாரென்று உலகத்துக்கே முதலில் குறிப்புக் காட்டும் பெரும்பொறுப்பைச் சரித்திரம் அயோவா மாநிலத்திடம் ஒப்படைத்திருக்கிறது. எழுபதுகளில் ஒரு ஜனவரி மாலை, அந்தப் பொறுப்பு மார்சீன் வீட்டு வரவேற்பறையில், நாய்முடி ஒட்டிய சோபாவுக்கும் தொலைக்காட்சிப் பெட்டிக்கும் நடுவே வந்து நின்றது.

வாக்குச்சீட்டெல்லாம் கிடையாது. கட்சிக்காரர்கள் கூடி, அவரவர் வேட்பாளருக்கு ஒதுக்கிய மூலையில் போய் நிற்க வேண்டும். ஆறு பேர் சேராத மூலை கணக்கிலேயே வராது.

"மணி அடிச்சப்புறம் யாரும் நகரக் கூடாது. நிக்கிற இடத்திலதான் எண்ணுவேன்," என்றார் மார்சீன். கூட்டத்துக்குத் தலைவி, பள்ளிக்கூடத்தில் மணி அடித்தே பழகிய கை.

இந்தமுறை போட்டி ஒரு கவர்னருக்கும் ஒரு செனட்டருக்கும். கவர்னர் மூலைக்குத் தளபதி ஆர்லின். சோள விவசாயி. கவர்னர் ஒருமுறை கைகுலுக்கிவிட்டுப் போனதிலிருந்து வெள்ளை மாளிகையைப் பங்காளி வீடு மாதிரி பேசிக்கொண்டிருந்தார். அவரையும் சேர்த்து அந்த மூலையில் ஐந்து பேர்தான். ஆறாவதாக வரவேண்டிய அவர் மனைவி லவோன், எதிர்மூலையில் செனட்டரின் ஆட்களோடு நின்று ஆப்பிள் கேக் தின்றுகொண்டிருந்தார்.

ஆர்லின் அறையைக் கடந்து அங்கே போனார்.

"லவோன், விளையாடாதே. ஊரே பாக்குது."

"பாக்கட்டும். ஹீட்டர் இங்கதான இருக்கு."

"நம்ம மூலைக்கு ஒண்ணுமில்லன்னு ஆயிடும். கவர்னர் மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

"அவருக்கு உன் மூஞ்சி ஞாபகம் இருக்கா முதல்ல?"

செனட்டரின் ஆட்கள் காபிக் கோப்பைக்குள் சிரித்தார்கள்.

"சரி, உனக்கு என்னதான் வேணும்?"

"பனியில வீடு வீடா ஏறி இறங்கினே. பக்கத்துப் பண்ணை கிளாரன்ஸோட பன்னிக் கொட்டகைக்குள்ள போய்க்கூட ஆதரவு கேட்டே. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

"நீ எப்படியும் வருவேன்னு நெனச்சேன்."

"அதனாலதான் இங்க நிக்கறேன்."

ஆர்லின் தொப்பியைக் கழற்றினார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"லவோன், தயவுபண்ணி எங்க கவர்னருக்கு ஆதரவு தரணும்."

"இப்படிக் கேட்டா வரமாட்டேன்னா சொல்லப்போறேன்? இதக் கொஞ்சம் பிடி."

கேக் தட்டைக் கணவர் கையில் கொடுத்துவிட்டு, லவோன் நிதானமாக நடந்து கவர்னர் மூலைக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கே கைதட்டல். ஆர்லினுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இதுதான் ஜனநாயகம் என்று செனட்டரின் ஆட்களுக்கு விளக்கமாக எடுத்துச் சொல்ல ஆரம்பித்தார்.

மணி அடித்தது.

மார்சீன் விரல் நீட்டி எண்ணினார். கவர்னர் மூலையில் ஐந்து பேர் இருந்தார்கள். செனட்டருக்கு எண்ணியதில் கடைசி ஆள், கேக் தட்டோடு நின்ற ஆர்லின்.