நாலு விரற்கடை நகர்ந்த கோடு

பெண்கள் சர்வதேச வாலிபால் போட்டியின் இறுதி ஆட்டத்தில், ஐந்தாவது செட்டில், பதினான்குக்குப் பதின்மூன்று என்ற நிலையில், மைதானத்தின் கடைக்கோடு நாலு விரற்கடை பின்னால் நகர்ந்து, பந்து விழுந்த இடத்தில் போய் நின்றது. அப்போது மாலை நாலேகால் மணி. காற்று இல்லை. ஆறாயிரம் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கோடு நகர்ந்ததை அவர்களில் யாரும் மறுத்ததில்லை. பந்து வெளியே விழுந்தது என்று மட்டும் சிலர் பேசித் திரிந்தார்கள். அவர்கள் இப்போது அப்படிப் பேசுவதில்லை என்றாலும், நடந்ததை நடந்தபடி எழுதிவைப்பது நல்லது.

அந்த மைதானத்துக்குக் கோடு போட்டவரை ஊரில் கோட்டுக்காரர் என்பார்கள். அவருடைய அப்பாவுக்கும் தாத்தாவுக்கும் அதுதான் பெயர், அதுதான் தொழில். நாலு தலைமுறையாக இந்த ஊரில் தரையில் விழுந்த வெள்ளைக் கோடெல்லாம் அந்த வீட்டுக் கை போட்டது. சாலையின் நடுக்கோடு, பள்ளிக்கூடத்து ஓட்டப்பந்தயக் கோடு, பங்காளிகள் பிரித்துக்கொண்ட மனைகளின் எல்லைக்கோடு எல்லாமே. சுண்ணாம்பை மூன்று முறை சலித்து, ஆணியடித்து நூல் கட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு போடுவார்கள். போட்ட கோட்டை அழித்து மறுபடி போட்டதாகச் சரித்திரம் இல்லை. அதனால் ஊரில் ஒரு வழக்கம் நிலைத்துவிட்டது. எந்த ஆட்டத்திலும் பந்து உள்ளேயா வெளியேயா என்று சந்தேகம் வந்தால் கோடு போட்டவரைக் கேட்பார்கள். அவர் சொன்னால் அதோடு முடிந்தது. தாத்தாவுக்குக் கடைசிக் காலத்தில் இரண்டு கண்ணும் போன பிறகுகூட, பந்தை வாங்கி முகர்ந்து, சுண்ணாம்பு வாசனை இருக்கிறதா என்று பார்த்துத் தீர்ப்புச் சொன்னார். தெரியவில்லை என்றோ கவனிக்கவில்லை என்றோ அந்த வீட்டாரின் வாயிலிருந்து ஒரு சொல் வந்ததில்லை. வராது.

போட்டி தலைநகரத்தில் நடப்பதாகத்தான் இருந்தது. அங்கே உள்ளரங்கத்தின் கூரை இறங்கிவிட்டதால் எட்டு நாட்டுப் பெண்களும் எங்கள் ஊர் மண் மைதானத்துக்கு வந்தார்கள். விடுதி அறைகளின் தாழ்ந்த வாசல் நிலையில் முட்டி முட்டி, இரண்டாம் நாளே பாதிப் பேர் நெற்றியில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தார்கள். நம் நாட்டு அணியில் கோட்டுக்காரரின் ஒரே மகள் இருந்தாள். ஆறடிக்கு மேல் ஓர் அங்குலம். ஊரில் நெட்டச்சி என்றால்தான் தெரியும். மகள் ஆடும் மைதானத்துக்கு அப்பா கோடு போடலாமா என்று போட்டி அலுவலகத்தில் ஒரு பேச்சு கிளம்பியது. கோட்டுக்காரரின் அண்ணன், அந்த வீட்டின் மூத்தவர், நேரில் போய், உட்காரச் சொல்லியும் உட்காராமல், "எங்க வீட்டுக் கோட்டுக்குப் பொண்ணும் தெரியாது, பிள்ளையும் தெரியாது" என்று சொல்லிவிட்டு வந்தார். அதற்குப் பிறகு பேச்சு இல்லை. வெளிநாட்டிலிருந்து வந்திருந்த தலைமை நடுவர் அம்மாள், ஊர் வழக்கத்தை ஏற்றுக்கொள்வதாக எழுதியே கொடுத்தார்.

கடைசிப் புள்ளிக்கு சர்வீஸ் அடித்தவள் நெட்டச்சி. பந்து வலையைத் தாண்டியது. எதிரணியின் பின்வரிசைப் பெண் கையை இழுத்துக்கொண்டு ஒதுங்கினாள். கடைக்கோட்டருகே விழுந்த பந்து உருளாமல் அங்கேயே கிடந்தது. கோட்டு நடுவர் கொடியை மேலே தூக்கவும் இல்லை, கீழே காட்டவும் இல்லை. பாதியில் பிடித்தபடி நின்றார். தலைமை நடுவர் ஏணியிலிருந்து இறங்கி நேரே கோட்டுக்காரரிடம் வந்தார். கோட்டுக்காரர் பந்தைப் பார்த்திருக்கவில்லை. தோள் வலிக்கிறது என்று அன்று காலை மகள் சொல்லியிருந்ததால், அடித்த கையை அவள் எப்படி இறக்குகிறாள் என்று பார்த்துக்கொண்டிருந்தார். பெற்ற மனம். ஆனால் கேட்டபோது அவர் தயங்கவில்லை. "உள்ளே" என்றார். அவர் சொன்ன பிறகுதான் கோடு நகர்ந்தது, அதற்கு முன்னால் அல்ல. வயதானவர் ஒருவர் நாற்காலியைச் சற்றுத் தள்ளிப் போடுவதுபோல் நிதானமாக நகர்ந்தது. தலைமை நடுவர் பந்தை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். அடியில் சுண்ணாம்பு இருந்தது. விசில் ஊதினார். கோப்பை நமக்கு வந்தது. மற்ற ஐந்து பெண்களும் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள். நெட்டச்சி மட்டும் வலைக்கு அடியில் குனிந்து மறுபக்கம் போய், கோடு முன்பு இருந்த இடத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். அந்த மண் சில்லென்று இருந்ததாம்.

அன்று வீட்டில் பதக்கத்தைக் கழற்றிச் சாப்பாட்டு மேசையில் வைத்தாள்.

"அப்பா, நீங்க பந்தைப் பார்க்கவே இல்ல. என்னைத்தான் பார்த்துக்கிட்டு இருந்தீங்க."

"போய்ப் பாரும்மா. பந்து விழுந்த இடத்துலதான் கோடு இருக்கு."

"நான் அடிச்ச பந்து எங்க விழுந்துச்சுன்னு எனக்குத் தெரியாதா? நாலு விரல் வெளியே. நான் பார்க்கலைன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்கப்பா. கோப்பை போனா போகட்டும்."

கோட்டுக்காரர் அண்ணனைப் பார்த்தார். மூத்தவர் தட்டிலிருந்து நிமிரவில்லை. "கோப்பை போனா இன்னொரு வருஷம் வரும். சொன்ன சொல் போனா வருமா?" என்றார்.

"முதல்ல எல்லாரும் சாப்பிடுங்க. கோடு என்ன, எந்திரிச்சு ஓடியா போகப்போகுது?" என்றாள் அவளுடைய அம்மா.

மறுநாள் காலை கோடு இன்னும் நாலு விரற்கடை நகர்ந்திருந்தது.

முதல் வருடம் நாளுக்கு நாலு விரற்கடை, இரண்டாம் வருடம் நாளுக்கு ஒரு சாண், மூன்றாம் வருடம் நாளுக்கு ஒரு முழம் என்று கோடு ஊருக்குள் வந்தது. நகர நகர இரண்டு பக்கமும் நீண்டது. சுவர் இருந்தால் சுவரேறி இறங்கியது. கழுவினாலும் போகவில்லை. "உங்க கோடு எங்க குளியலறைக்குள்ள வந்து நிக்குது. கதவைத் தட்டிட்டு வரச் சொல்லக் கூடாதா?" என்று மைதானத்துக்கு அடுத்த வீட்டுக்காரி சண்டைக்கு வந்தாள். கோடு அவள் வீட்டைத் தாண்டிய பிறகு அவளிடமிருந்து ஒரு புகாரும் இல்லை. கோட்டுக்கு உள்ளே வந்த யாருக்கும் எதிலும் தவறு தெரியவில்லை என்பதை ஊர் மெல்லத்தான் கவனித்தது. தையற்காரர் ஒரு கையை நீளமாகவும் ஒரு கையைக் குட்டையாகவும் தைத்தார். போட்டுப் பார்த்தவர் கச்சிதம் என்றார். பள்ளிக்கூடத்தில் ஏழெட்டு ஐம்பத்துநாலு என்று வாத்தியார் எழுதிப்போட, பிள்ளைகள் ராகம் போட்டுப் படித்தார்கள். கோட்டுக்கு இன்னும் வெளியே இருந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சிரித்தவர்கள் வாரத்துக்கு வாரம் குறைந்துகொண்டே வந்தார்கள்.

நெட்டச்சிக்கு ஆட்டம் போய்விட்டது. எந்த மைதானத்தில் அடித்தாலும் அவள் பந்து விழும் இடத்துக்கு அங்குள்ள கோடு ஓடிவந்தது. தோற்க முடியாதவளோடு யார் ஆடுவார்கள்? அணிகள் மரியாதையாகக் கடிதம் எழுதி விலகிக்கொண்டன. "நீ தோத்துப்போகக் கத்துக்கிட்டு வா, சேர்த்துக்கறேன்" என்று பயிற்சியாளர் வேடிக்கையாகச் சொல்லிப் பார்த்தார். அவள் சிரிக்கவில்லை. வீட்டோடு இருந்துவிட்டாள். அம்மாவுக்கு அப்போது இதயம் பலவீனமாகியிருந்தது. ஒரு சின்னப் பாட்டிலிலிருந்து தினமும் பன்னிரண்டு சொட்டு, தண்ணீரில் கலந்து குடிக்க வேண்டும். அந்தப் பாட்டில் மாதம் ஒருமுறை, பக்கத்துத் தெருவிலிருந்த மருந்துக்கடையில் வாங்குவது. ஒரு செவ்வாய்க்கிழமை கோடு அந்த மருந்துக்கடையைத் தாண்டியது. வேறு கடை இருக்கிறது, நான் போய் வாங்கி வருகிறேன் என்றாள் நெட்டச்சி. நாலு தலைமுறையாக வாங்கும் கடையை விட்டு வேறு கடைக்குப் போனால் நம் கோட்டை நாமே சந்தேகப்பட்டதாக ஆகும் என்பதால், மூத்தவர் தாமே அங்கே போய் வாங்கி வந்து கொடுத்தார். அது முறைதான்.

கோடு வீட்டுவாசலுக்கு வந்த அன்று காலை, கோட்டுக்காரர் வாசற்படிக்கு வெளியே ஒரு நாற்காலியைப் போட்டுக் கோட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். தான் போட்ட கோட்டை மரியாதையோடு வரவேற்க உட்கார்ந்திருக்கிறார் என்று தெருவில் நினைத்தார்கள். மகள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றாள்.

"அப்பா, இன்னும் ஒரு சாண்தான் இருக்கு. அது உங்க காலைத் தாண்டிட்டா நீங்க நினைச்சாலும் சொல்ல முடியாது. அம்மா உள்ள இருக்காங்கப்பா."

கோட்டுக்காரர் வாயைத் திறந்தார். உதடு குவிந்ததைத் தெருவில் நின்ற நாலைந்து பேர் பார்த்தார்கள். உள்ளேயிருந்து மூத்தவர் தொண்டையைச் செருமினார். வேறொன்றும் செய்யவில்லை, செருமினார், அவ்வளவுதான். கோட்டுக்காரர் வாயை மூடிக்கொண்டார். பத்தரை மணிக்குக் கோடு நாற்காலிக்கு அடியில் போய், அவர் செருப்பைத் தாண்டி, வாசற்படி ஏறியது. அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி வந்தது.

மகள் பின்வாசல் வழியாக வெளியேறிக் கொல்லையில் நின்றுகொண்டாள். வீட்டுக்குள் கோடு வழக்கத்தைவிட வேகமாக வந்து, மூன்றாம் நாள் சமையலறையைத் தாண்டி, பின்வாசல் படியில் நின்றது. அன்று அம்மா சன்னலோரம் நின்று புதுப் பாட்டிலைத் திறந்து சொட்டு எண்ணினாள். கொல்லையிலிருந்து நெட்டச்சி பாட்டிலின் சீட்டைப் பார்த்துவிட்டாள். அது மூட்டுவலிக்கு மேலே தேய்க்கிற தைலம்.

"அம்மா, குடிக்காதீங்க! அது மருந்து இல்ல! பெரியப்பா, சீட்டைப் படிங்க!"

அம்மா சீட்டைப் படித்தாள். கோட்டுக்காரர் வாங்கிப் படித்தார். மூத்தவரும் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். எழுத்து தெளிவாகவே இருந்தது. "சரியாத்தானே இருக்கு, ஏன்டி இப்படிக் கத்தற?" என்றாள் அம்மா. நெட்டச்சி பாய்ந்து வந்து ஒரு காலைப் படிக்குள் வைத்தாள். வைத்ததும் கத்தல் நின்றது. எதற்கு ஓடிவந்தோம் என்று மறந்தவள்போல், நீட்டிய கையோடு நின்று, அம்மா குடிப்பதைப் பார்த்து லேசாகத் தலையாட்டக்கூடச் செய்தாள். பிறகு எப்படியோ காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். அதன் பிறகு அவள் போட்ட சத்தம் மூன்று தெருவுக்குக் கேட்டது. தம்ளர் அதற்குள் காலியாகியிருந்தது.

நாலாம் நாள் அந்த அம்மாள் போய்ச் சேர்ந்தாள். மருத்துவர் வந்து பாட்டிலைப் பார்த்து, கொடுத்த மருந்து சரியானதே என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அந்தத் தாள் இன்னும் வீட்டில் பத்திரமாக இருக்கிறது. சந்தேகப்படுகிறவர்கள் வந்து பார்க்கலாம். மகள் முகம் பார்க்க உள்ளே வரவில்லை. உள்ளே வந்தால் அழுகை வராது என்று பயந்தாளோ என்னவோ. கொல்லைச் சுவருக்கு அப்பால் நின்றே அழுதுவிட்டு, இறுதி ஆட்டத்தின் பந்தை ஒரு பையில் போட்டுக்கொண்டு, கோட்டுக்கு முன்னால், அது போகும் திசையிலேயே நடந்தாள்.

அதற்குப் பிறகு ஒன்பது வருடங்கள் ஆகிவிட்டன. கோடு ஊரின் கடைசி வீட்டைத் தாண்டி, ஆற்றைத் தாண்டி, அடுத்தடுத்த ஊர்களையும் தாண்டிவிட்டது. அவள் எப்போதும் அதற்கு முன்னால் ஏதோ ஓர் ஊரில் இருக்கிறாள். வாடகை அறை, மடிக்கிற கட்டில், வாசலில் கட்டி வைத்த மூட்டை. கோடு தெருமுனைக்கு வந்ததும் கிளம்பிவிடுகிறாள். பந்தை அவள் அடிப்பதே இல்லை என்று பார்த்துவிட்டு வந்த லாரி ஓட்டுநர்கள் சொல்கிறார்கள். முன்பைவிட மெதுவாக நடக்கிறாளாம். தோள்வலி முழங்காலுக்கு இறங்கியிருக்கிறதாம்.

இங்கே எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. கோட்டுக்காரர் இன்னும் காலையில் எழுந்து சுண்ணாம்பு சலிக்கிறார். எப்போதாவது வெளியூர்க்காரர் யாராவது வந்து, பழைய நினைவில், பொண்ணு எங்கே இருக்கா என்று கேட்பதுண்டு. அவர் சல்லடையைக் கீழே வைத்து, அண்ணன் முகத்தை ஒருமுறை பார்த்து, "உள்ளேதான் இருக்கா" என்பார். கேட்டவர் தலையாட்டிவிட்டுப் போவார். அப்படிக் கேட்கப்பட்ட நாட்களில் கோடு ஒரு முழத்துக்குப் பதிலாக ஒரு காத தூரம் போகிறது. அந்த வீட்டார் சொன்ன சொல் இதுவரை பொய்த்ததில்லை.