கூரைக்குள் கட்டிய கம்பி

"கரவெட்டி உதயகலா ரீச்சர், கேக்குதோ? வடக்கிலை ஆரும் இருக்கிறியளோ?"

கேட்டது. வானொலிப் பெட்டியின் இரைச்சலுக்கு நடுவே என்றாலும் றொபினின் குரல் கொழும்பிலிருந்து சொல் சொல்லாகக் கேட்டது. உதயகலா மைக்கின் பொத்தானை அமத்தினாள்.

"ஓம் றொபின், கேக்குது! நான் இஞ்சை இருக்கிறன்!"

பொத்தானை விட்டாள். கொஞ்ச நேரம் வெறும் இரைச்சல்.

"இல்லைப் போலை. இந்த ஞாயிறும் வடக்கு இல்லை. அடுத்தது கண்டி. மிரியம், வாங்கோ."

கண்டி மிரியம் உடனே பதில் சொன்னாள். இருவரும் சிரித்துக் கதைத்தார்கள். வீட்டுக்குள் ஆளை வைத்துப் பூட்டிவிட்டு, வெளியே நின்று "வீட்டிலை ஒருத்தரும் இல்லை" என்று சொல்லிவிட்டுப் போவது போலிருந்தது உதயகலாவுக்கு. ஒவ்வொரு ஞாயிறும் இதே கதைதான்.

"கேட்டதோ?" என்றார் கதவடியில் நின்ற கணவர் பஞ்சலிங்கம்.

"எனக்குக் கேட்டது."

"உனக்குக் கேக்கிறதுக்கெண்டால் கடையிலை ஒரு ரேடியோ வாங்கியிருக்கலாமே!"

உதயகலா நெல்லியடியில் விஞ்ஞான ஆசிரியை. போன மாரியில் மலைநாட்டில் மண் சரிந்தபோது மகள் சாருஜா கண்டிக்குக் கிட்டவுள்ள பேராதனைப் பல்கலைக்கழக வளாகத்தில் படித்துக்கொண்டிருந்தாள். தொலைபேசிக் கோபுரங்கள் எல்லாம் விழுந்துவிட்டன. அவள் உயிரோடு இருக்கிறாளா என்று தெரியாமல், ஒலிக்காத தொலைபேசியை நடுவில் வைத்துக்கொண்டு புருசனும் பெண்சாதியும் விறாந்தையில் கிடந்தார்கள். கடைசியில் அவள் அழைத்து, அகதிகளுக்குச் சோறு சமைத்துக்கொண்டிருந்ததாகச் சிரித்தபடி சொன்னாள். தாய்க்குச் சிரிப்பு வரவில்லை. இன்னொரு தரம் அப்படிக் காத்துக் கிடக்க முடியாது என்று முடிவெடுத்தாள். வீட்டிலிருந்தே வானொலியில் பேசவும் கேட்கவும் உரிமை தரும் அமெச்சூர் வானொலிப் பரீட்சை எழுதி அனுமதிப்பத்திரம் எடுத்தாள். உதிரிப் பாகங்களாகப் பார்சலில் வந்த பெட்டியைத் தானே ஈயம் வைத்துப் பொருத்தினாள்.

இப்போது அடுத்த மாரி வரப்போகிறது. தொலைபேசி செத்தால் செய்தி கடத்துவதற்கு பகுதிக்கு ஒரு நிலையமாக றொபின் ஆள் சேர்த்துக்கொண்டிருந்தான். கண்டிக்கு மிரியம் இருந்தாள். வடக்குத்தான் வெறுமை. வரும் ஞாயிறும் அவள் குரல் கேட்காவிட்டால் வடக்கை விட்டுவிட்டே தொடங்குவார்கள்.

அந்தக் கிழமை முழுக்கப் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பெட்டியைத் திறந்தாள். சுருளில் சுற்றிய செப்புக் கம்பியின் பூச்சைச் சுரண்டாமல் ஈயம் வைத்திருந்தால் மின் பாயாது. எல்லா முனையையும் மறுபடி சுரண்டி ஒட்டினாள். அன்ரெனாவுக்குச் சக்தியைத் தள்ளும் கடைசி ட்ரான்சிஸ்டரைக் கழற்றிப் புதிதைப் போட்டாள். ஒன்றும் மாறவில்லை. பிறகு அன்ரெனாவைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் ஒரு ரோச் லைற் குமிழை மாட்டி மைக்கில் "ஒண்டு, ரெண்டு, மூண்டு" என்றாள். குமிழ் அவள் குரலோடு சேர்ந்து மினுங்கியது.

"கொழும்புக்குக் கேக்காட்டிலும் பல்புக்குக் கேக்குது" என்றார் பஞ்சலிங்கம்.

"பகிடியை விடுங்கோ. பெட்டியிலை பிழை இல்லை. சக்தி வெளியிலை வருது. அங்காலை எங்கை போய்த் துலையுது?"

சனிக்கிழமை பின்னேரம் றொபினுக்கு வாட்ஸ்அப்பில் அழைத்தாள்.

"அன்ரெனாவை ஒரு படம் எடுத்து அனுப்புங்கோ ரீச்சர்" என்றான்.

ஏணியை வைத்து ஏறி, சீலிங் பலகை ஒன்றை விலக்கிப் படம் எடுத்து அனுப்பினாள்.

"படம் கறுப்பா வந்திருக்கே?"

"அது முகடு. வயர் கூரைக்குள்ளை."

"என்ன கூரை?"

"தகரம்."

"ரீச்சர், தகரத்துக்குள்ளை கட்டினால் வெளியிலை என்னெண்டு போகும்? எங்கடை நூறு வாற்ஸ் எப்பிடியோ ஒழுகி உள்ளுக்கு வருது. உங்கடை அஞ்சு வாற்ஸ் வெளியிலை வராது. வளவிலை உயரமான மரம் இல்லையோ?"

"இருக்கு. புளியும் மாவும்."

"பிறகேன் அதுக்குள்ளை கட்டினீங்கள்?"

கொழும்பில் பிறந்து வளர்ந்தவன் கேட்டான். வானொலி அலை உலோகத்தில் பட்டால் திரும்பிவிடும் என்று வருசா வருசம் கரும்பலகையில் படம் கீறிக் காட்டுகிறவள் உதயகலா. கம்பியை அளந்து வெட்டியதும் நேரே ஏணியில் ஏறி முகட்டுக்குள் புகுந்ததுதான் நினைவில் இருந்தது. மரங்களை அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை. ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்ற பஞ்சலிங்கமும் ஏன் என்று கேட்கவில்லை. வீட்டுக்கு மேலே ஒரு கம்பி தெரிந்தால் யார் யார் வந்து நிற்பார்கள் என்பது, அந்த ஒழுங்கையில் சண்டைக் காலத்தைக் கண்ட, நாற்பதைத் தாண்டிய எவருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஞாயிறு காலை, கம்பியோடு முற்றத்தில் இறங்கினாள்.

"வேண்டாம் கலா" என்றார் பஞ்சலிங்கம்.

"லைசென்ஸ் இருக்கெல்லே?"

"லைசென்ஸ் அலுமாரிக்குள்ளை இருக்கு. வாறவன் முதல் பாக்கிறது மரத்தைத்தான்."

அவள் நூலில் கல்லைக் கட்டிப் புளிக்கு எறிந்தாள். கல் பாதியில் விழுந்தது. இரண்டாவது கோழிக்கூட்டில் பட்டது. கோழிகள் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுக் குணலட்சுமி வேலியால் தலையை நீட்டினாள்.

"என்ன ரீச்சர், இந்த நேரத்திலை புளியங்காய் ஆசை? சொல்லவே இல்லை!"

"போடி விசரி. வயர் கட்டுறன்."

"வயரோ?" குணலட்சுமியின் சிரிப்பு நின்றது. வேலிக்குப் பின்னால் தலை மறைந்தது. கொஞ்ச நேரத்தில் அவள் வீட்டு யன்னல் சாத்தும் சத்தம் கேட்டது.

பஞ்சலிங்கம் அந்த யன்னலைப் பார்த்தார். பிறகு மனைவியின் கையிலிருந்து நூலைப் பறித்தார்.

"தள்ளு. நீ எறிஞ்சு முடிக்க ஊரே வந்திடும்."

ஒரே எறியில் கல் கொப்பைத் தாண்டியது. நூலோடு கம்பியை மேலே இழுத்து, மறுமுனையை மாவில் கட்டினார்கள். கூரைக்கு மேலே, ஒழுங்கையில் போகிற எவருக்கும் தெரிகிற மாதிரி, செப்புக் கம்பி வெயிலில் பளிச்சென்று நின்றது. உடுப்பில்லாமல் முற்றத்தில் நிற்பது போல உதயகலாவுக்குக் கூசியது. உள்ளே ஓடி மைக்கை எடுத்தாள்.

"...வடக்கு. கரவெட்டி, கேக்குதோ?"

"கேக்குது றொபின். நான் உதயகலா."

"ரீச்சர்! அம்மாணை நல்லாக் கேக்குது! தொடர்ந்து கதையுங்கோ!"

அதே நேரம் ஒழுங்கையால் போன ஒரு மோட்டார் சைக்கிள் வாசல் படலையடியில் வந்து நின்றது. யன்னலால் பார்த்தாள். சாதாரண உடுப்பில், ஆனால் ஒட்ட வெட்டிய ஆமி முடியோடு இரண்டு பேர். ஒருவன் அண்ணாந்து மரத்தைப் பார்த்தான்.

பொத்தானில் இருந்த விரல் தானாகக் கழன்றது.

"ரீச்சர்? போட்டியளோ?" என்றது பெட்டி.

வெளியே பஞ்சலிங்கம் படலையை மறித்து நின்றார். "ஓம், என்ரை மனுசிதான் கதைக்கிறா. லைசென்ஸ் இருக்கு. காட்டட்டோ?" ஆள் அசையவில்லை.

இப்போது நிறுத்தினால் இனி எப்போதும் நிறுத்தியதுதான் என்று அவளுக்குப் பட்டது. பொத்தானை அமத்தினாள்.

"இருக்கிறன். இஞ்சை மழை இல்லை. காத்து வாடைக்காத்து. நான் இருக்கிறன்."

"வடக்கு நிலையம் நீங்கள்தான் ரீச்சர். ஒண்டு மட்டும், மாரி முடியுமட்டும் அந்த வயரை இறக்கக் கூடாது."

"இறக்க மாட்டன்" என்று அவள் சொல்லும்போது மோட்டார் சைக்கிள் கிளம்பும் சத்தம் கேட்டது. பஞ்சலிங்கம் உள்ளே வந்து கதிரையில் தொப்பென்று இருந்தார்.

"வயரைப் படம் எடுத்துக்கொண்டு போறாங்கள்."

"வேறை?"

"பேர் கேட்டவங்கள்."

"குடுத்தனீங்களோ?"

"உன்ரை பேரைத்தான் குடுத்தன்."

அவள் சிரித்தாள். நாளைக்கு வருவார்களா, வராமலே விடுவார்களா, இரண்டும் தெரியாது. மாரி முடியுமட்டும் தெரியாமலே இருக்கப்போகிறது. பெட்டியில் புதிதாக ஒரு குரல் எழும்பியது.

"கரவெட்டி, இது கண்டி. மிரியம் கதைக்கிறன். பக்கத்து வீட்டிலை இருந்து கதைக்கிற மாதிரிக் கேக்குது."

உதயகலா கதிரையைக் கிட்ட இழுத்தாள்.

"மிரியம், என்ரை மகள் பேராதனையிலை. உங்களுக்கு எவ்வளவு தூரம்?"