பத்து நிமிடம் மட்டும் இந்த விலை

கைப்பேசியில் விளையாடும் விளையாட்டுக்குச் சரளா இதுவரை ஒரு ரூபாய்கூடக் கொடுத்ததில்லை. பெங்களூரு பீன்யாவில் பம்புகளுக்கு ரப்பர் வாஷர் செய்யும் அந்தத் தொழிற்சாலையில் இது எல்லோருக்கும் தெரியும். தெரியாதவர்களுக்கு அவளே சொல்லிவிடுவாள்.

விளையாட்டின் பெயர் குத்துக்களம். இருவர் மோதுவார்கள், ஒருவர் விழுவார். இறக்கிக்கொள்ளக் காசில்லை, ஆடவும் காசில்லை. பிறகு அந்தக் கம்பெனிக்காரர்கள் எப்படிப் பிழைக்கிறார்கள் என்று கேட்டால், ஒருமுறை தோற்றுப் பார்க்க வேண்டும். தோற்றவன் முகத்து வியர்வை காய்வதற்குள் திரையில் ஒரு கடை திறக்கும். புலித்தோல் சட்டை, நெருப்புக் கையுறை, வெள்ளிக் கிரீடம். கீழே கடிகாரம் ஓடும்: பத்து நிமிடம் மட்டும் இந்த விலை. அதையெல்லாம் வாங்கினால் அடி பலமாக விழாது, அழகாக விழும், அவ்வளவுதான். ஆனால் மானம் போனவனுக்குப் பத்து நிமிடமே அதிகம். வாங்கிவிடுவான்.

சரளா தோற்றால்தானே கடை திறக்க? தசராவிலிருந்து அவள் தோற்கவே இல்லை. பெயருக்குப் பக்கத்தில் முந்நூற்றுப் பன்னிரண்டு என்று வெற்றிக் கணக்கு மின்னியது. ஒரே ஒரு தோல்வி வந்தாலும் அது பூஜ்யமாகிவிடும் என்பதால் அதைப் பச்சைக் குழந்தையைப் போலக் காப்பாற்றி வந்தாள். தொழிற்சாலையில் அவளுக்குச் செக்கிங் வேலை. ஓடும் பட்டையில் வருகிற வாஷர்களில் கோணலானதைக் கட்டைவிரலால் சுண்டி எறிய வேண்டும். பதினாறு வருடமாக எறிகிறாள். அந்தக் கட்டைவிரலுக்கு முன்னால் நெருப்புக் கையுறை எம்மாத்திரம்?

அவளுடைய ஆட்டக்காரி போட்டிருந்தது, முதல் நாள் எல்லோருக்கும் சும்மா தருகிற வெளுத்த பனியனும் நாடா வைத்த கால்சட்டையும்தான். ஊர் பேர் தெரியாதவர்கள்கூடப் பனியன்காரி வந்துவிட்டாள் என்றால் நடுங்கினார்கள். ஸ்டோரில் வேலை பார்க்கும் விக்கி, பாதிச் சம்பளத்தைக் கொட்டிப் புலித்தோல் வாங்கிக்கொண்டு வந்து மோதினான். முப்பது நொடி தாங்கினான்.

"அந்தப் பனியன்ல என்னமோ இருக்குதுக்கா" என்றான்.

"வேர்வை இருக்குது" என்றாள் சரளா.

இப்படி இருக்கும்போது ஒரு திங்கட்கிழமை பனியன் காணாமல் போய்விட்டது. செயலி புதுப்பிக்கப்பட்டிருந்தது. சும்மா ஆடுகிற எல்லோருக்கும் இனிமேல் கிளிப்பச்சை ஜிகினாப் பாவாடை. பழைய பனியன் கடையில் தொங்கியது, 'ஆதிப் பனியன்' என்ற புதுப் பெயரோடு, நானூற்றுத் தொண்ணூற்றொன்பது ரூபாய்க்கு.

"நேத்து வரைக்கும் என் உடம்புல இருந்தத எனக்கே விக்கிறானுங்க" என்று சரளா டிபன் பாக்ஸை நங்கென்று வைத்தாள்.

பக்கத்துப் பட்டையில் வேலை செய்யும் மமதா சமாதானம் சொன்னாள். "பச்சையும் சக்கத்தா, சூப்பரா இருக்குதுக்கா." மமதாவும் குத்துக்களம் ஆடுபவள்தான். ஆனால் அவளுக்குத் தெரிந்தது ஒரே பொத்தான், உதை. ஆடிய எல்லா ஆட்டத்திலும் தோற்றிருந்தாள்.

சரளா பல்லைக் கடித்துக்கொண்டு ஜிகினாப் பாவாடையில் ஆடினாள், ஜெயித்தாள். விக்கி ஆதிப் பனியனை வாங்கி மாட்டிக்கொண்டு வந்து அவளிடம் அடி வாங்கினான். மூன்று வாரம் கழித்துப் பாவாடையும் கடைக்குப் போனது. ஓசிக்காரர்களுக்கு இப்போது ஆரஞ்சு நிற மழைக்கோட்டு. அவள் எதைப் போட்டாலும் அது ஏன் விலைக்குப் போகிறது என்று அவளுக்குப் புரியவில்லை.

புரியவைக்க ரித்விக் வந்தான். மல்லேஸ்வரத்தில் மூன்று தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை, குத்துக்களம் கம்பெனியில் கடைப்பிரிவைப் பார்ப்பவன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் தொழிற்சாலை வாசல் டீக்கடையில் அவளைப் பிடித்தான்.

"மேடம், உங்களுக்குன்னே எங்க ஆஃபீஸ்ல தனியா ஒரு கிராஃப் இருக்கு."

"எனக்கு எதுக்கு தம்பி?"

"நீங்க யாரையாவது அடிச்சா அவங்க நேரா கடைக்கு வராங்க. வேற யார்கிட்ட தோத்தாலும் இவ்ளோ வரமாட்டாங்க. காசே போடாத ஒரு லேடி, அதுவும் பனியன்ல... தாங்க முடியல போல. அதான் பனியனையே வித்துப் பாத்தோம். சூப்பரா போச்சு. அப்புறம் பச்சை."

சரளாவின் கையில் டீ ஆறியது. ஓசியில் ஆடுகிறோம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவள், இத்தனை நாள் ஓசியில் உழைத்திருக்கிறாள்.

"அப்ப நான் உங்க துணிக்கடை வாசல்ல நிக்கிற பொம்மை."

"சேச்சே, பிராண்ட் அம்பாசிடர் மேடம்" என்றான் ரித்விக், பாராட்டுவதாக நினைத்துக்கொண்டு. பிறகு வந்த விஷயத்தைச் சொன்னான். 'சிம்ம ராணி' என்று ஒரு தங்கக் கவசம் வரப்போகிறது. ஞாயிற்றுக்கிழமை நேரலையில் சரளா அதைப் போட்டுக்கொண்டு ஓர் ஆட்டம் ஜெயிக்க வேண்டும். ஊரே பார்க்கும்.

"எனக்கு எவ்ளோ குடுப்பீங்க?"

"கவசமே உங்களுக்கு ஃப்ரீ மேடம். கடையில அஞ்சாயிரம்."

"அத மாட்டிக்கினு மெட்ரோல போவ முடியுமா?"

ரித்விக் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். ஆனால் சோழியன் குடுமி சும்மா ஆடாது என்று சொன்னவர்களும் அவர்களேதான்.

"சரி. ஆனா யார்கூட ஆடறதுன்னு நான்தான் சொல்லுவேன். மமதா."

ரித்விக் கைப்பேசியில் மமதாவின் கணக்கைத் தேடிப் பார்த்தான். தொண்ணூற்று நான்கு ஆட்டம், தொண்ணூற்று நான்கு தோல்வி. அவன் முகம் மலர்ந்துவிட்டது.

ஞாயிறு மதியம் ஒக்கலிபுரத்தில் சரளா வீட்டுக் கட்டிலில் இருவரும் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்தார்கள். சரளாவின் திரையைத்தான் கம்பெனி நேரலையில் காட்டியது. தங்கக் கவசம் ஒரு பக்கம், ஆரஞ்சு மழைக்கோட்டு ஒரு பக்கம். ரித்விக்கின் வர்ணனை காதைத் துளைத்தது.

சரளா தோற்பதென்று முடிவு செய்திருந்தாள். மமதாவிடம்கூடச் சொல்லவில்லை. ஆனால் தோற்பது இத்தனை கஷ்டம் என்று யாரும் அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை. பழக்க தோஷத்தில் முதல் சுற்றை ஜெயித்தே விட்டாள். இரண்டாவதில் கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிப் பிடித்துக்கொண்டாள். அப்போதும் மமதா கால் தூக்கும்போதெல்லாம் கோணல் வாஷரைக் கண்டதுபோல் விரல் தானாகத் துள்ளியது. மூன்றாவது சுற்றில் மமதா உதைத்தாள், உதைத்தாள், மறுபடியும் உதைத்தாள். சிம்ம ராணி மல்லாந்து விழுந்தாள்.

முந்நூற்று நாற்பத்தொன்று பூஜ்யமானது. வேண்டுமென்றே போட்டுடைத்தாலும் உடைந்தது தன் பானைதானே.

அந்த நேரம் பார்த்து, ஆறேழு மாதத்துக்குப் பிறகு, அவள் திரையில் கடை திறந்தது. ஊரே பார்க்கத் திறந்தது.

'தோற்றுவிட்டீர்களா? சிம்ம ராணி கவசம் அணியுங்கள். வெற்றி உங்கள் பக்கம். பத்து நிமிடம் மட்டும் இந்த விலை.'

அதற்குக் கீழேயே, அதே கவசத்தோடு, சிம்ம ராணி புழுதியில் கிடந்தாள். பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அனுப்பிய சிரிப்புகளில் திரையே மறைந்தது. ரித்விக்கின் வர்ணனை பாதி வாக்கியத்தில் நின்றுபோனது.

"அக்கா, நா ஜெயிச்சிட்டேனா? நிஜவா?" மமதாவின் கண்ணில் தண்ணீர்.

"ஆமாண்டி. அந்த உதைய யாரு தாங்கறது" என்றாள் சரளா. அதற்குமேல் அவளிடம் அதைப்பற்றி ஒருபோதும் பேசவில்லை.

புதன்கிழமை சாப்பாட்டு நேரத்தில் ரித்விக் போன் செய்தான்.

"ஒரு கவசம்கூட போகல மேடம். எனக்குச் செம திட்டு."

"ஐயோ பாவம்."

"ஆனா அந்த மழைக்கோட்டு... ராணியையே சாய்ச்ச கோட்டுன்னு எல்லாரும் கேக்கறாங்க. காலைல கடையில வெச்சோம். அள்ளிக்கிட்டுப் போறாங்க."

சரளா நிமிர்ந்து பார்த்தாள். எதிர் மேசையில் விக்கி புதிதாக வாங்கிய ஆரஞ்சு மழைக்கோட்டை நாலு பேருக்குக் காட்டிக்கொண்டிருந்தான். எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்று இருக்கிற கம்பெனிக்காரர்களை என்ன செய்வது? அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"மமதா மேடம் நம்பர் வேணும். அடுத்த ஞாயிறு அவங்களுக்கு ஒரு டிரஸ் ஃப்ரீயா..."

"ஃப்ரீயா ஆடின பொம்பள ஞாயித்துக்கிழமையோட விழுந்துட்டா தம்பி. இனிமே மமதாவுக்கு நான்தான் மேனேஜர். ரெண்டு பேருக்கும் சேத்து ஒரு ஆட்டத்துக்குப் பத்தாயிரம்."

"மேல கேட்டுட்டு நாளைக்குச் சொல்றேன் மேடம்."

"நாளைக்கு இருவதாயிரம். பத்து நிமிஷம் மட்டும் இந்த விலை."

சரளா கேன்டீன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி மோர் சாதத்தைப் பிசைந்தாள்.

"ஒம்போது நிமிஷம் இருக்குது" என்றாள்.

நாலு நிமிடம் மிச்சம் இருக்கும்போதே ரித்விக் வாங்கிவிட்டான்.